கற்பனை உலக வரைபடம்: எதில் பழகினால் கை தேறும்?

கதைக்காகவோ மேசை விளையாட்டுக்காகவோ இல்லாத நாடுகளுக்கு வரைபடம் தீட்டத் தொடங்குபவர் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: தாளும் பேனாவும், இன்கார்னேட், வொண்டர்டிராஃப்ட் போன்ற வரைபட மென்பொருள்கள், ஒரு சொடுக்கில் முழு உலகத்தையே படைத்துத் தரும் அஸ்காரின் உருவாக்கி. எது விரைவில் அழகான படம் தரும் என்று கேட்டால், மென்பொருளுக்கு ஈடில்லை. எதில் உழைத்தால் அடுத்த படம் முந்தையதைவிடத் தேறும் என்பதே இங்கே கேள்வி. செய்த பிழை நம் கண்ணில் படுகிறதா என்பதை வைத்துத்தான் அதை அளக்க முடியும்.

இன்கார்னேட் உலாவியிலேயே இயங்குவது. இலவசப் பதிப்போடு சந்தாப் பதிப்பும் உண்டு. வொண்டர்டிராஃப்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். இரண்டிலும் மலை, மரம், கோட்டை எல்லாம் ஆயத்தச் சின்னங்களாகக் கிடைப்பதால், சில நிமிடங்களில் ஒரு மலைத்தொடர் எழுந்துவிடுகிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. மலை அழகாக இருப்பதால், அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஆறு ஒரு கடலில் புறப்பட்டு மறு கடலில் முடிந்தாலும் படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும்.

தாளில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. முதலில் மலைமுகடுகளை மட்டும் கோடாக இழுத்து, அவற்றின் இருபுறமும் நீர் எங்கே வடியும் என்று பார்த்து ஆறுகளை வரைந்தால், கிளையாறுகள் ஒன்றோடொன்று சேர்ந்தபடியே கடலை நோக்கிப் போவது கைக்குப் பழகிவிடும். தொடக்கநிலையினர் இதைத் தலைகீழாகச் செய்து ஆற்றை வழியெல்லாம் பிரிப்பதும், ஓர் ஏரிக்கு மூன்று வடிகால்கள் வைப்பதும் மிகவும் வழக்கமான பிழைகள். ஆறு பிரியவே பிரியாது என்பதில்லை. கழிமுகச் சமவெளியில் பிரியும். வெனிசுவேலாவில் ஒரினோகோவிலிருந்து பிரியும் காசிகியாரே அமேசான் வடிநிலத்துக்கே நீரைக் கொண்டுசெல்கிறது. ஆனால் அத்தகைய விதிவிலக்கு ஒரு கண்டத்தில் பத்து இடங்களில் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

மலைக்கும் தாளே நல்ல ஆசான். சரிவு செல்லும் திசையில் சிறு கோடுகள் இட்டு, செங்குத்தான இடத்தில் அவற்றைத் தடிப்பாக்கும் முறையைச் சாக்சனி நாட்டுப் படை அதிகாரி லேமான் 1799இல் ஒழுங்குபடுத்தினார். அதைப் பயில்பவர் ஒவ்வொரு கோட்டிலும் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். கடற்கரைக்கு அரிசியைத் தாளில் சிதறி அதன் விளிம்பைச் சுற்றி வரையும் உத்தி பலரும் அறிந்தது; வேடிக்கையானது, ஆனால் அரிசிதான் வரைகிறது, கை அல்ல. அதைவிட நார்வேயின் கரையைப் பார்த்து வரைவது பயனுள்ளது. அந்தக் குறுகிய ஆழ்குடாக்களைப் பனியாறுகள் குடைந்தன என்று தெரிந்தவர், வெப்பப் பாலைவனக் கரையில் அவற்றை வைக்கத் தயங்குவார்.

பெயர் எழுதுவதில் மட்டும் மென்பொருளே மேல். தாளில் மையிட்ட மலைமீது ஊர்ப்பெயர் ஏறிவிட்டால் மீட்பில்லை; ஆகவே பெயர்களுக்கான இடத்தைப் பென்சிலால் முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

அஸ்காரின் உருவாக்கி இலவசம். நில உயரம், காற்று, மழை ஆகியவற்றைக் கணக்கிட்டு ஆறுகளைத் தானே ஓடவிடும். வரையும் கைக்கு அதில் வேலையில்லை. ஆனால் விடைத்தாளாக அது நன்று: அதில் உருவாகும் நிலத்தின் உயரங்களை மட்டும் பார்த்து ஆறுகளைத் தாளில் நீங்களே ஊகித்து வரைந்துவிட்டு, பிறகு ஒப்பிடலாம்.

அடுத்த வாரமே விளையாட்டு என்றால் நேரே இன்கார்னேட்டுக்குப் போவதில் தவறில்லை. அவகாசம் இருப்பவர் பெருங்கண்டம் ஒன்றில் மாதக்கணக்கில் உழல்வதைவிட, உள்ளங்கை அளவுத் தாளில் ஒரே ஓர் ஆற்றுப் படுகையைத் திரும்பத் திரும்ப வரைவதையே பரிந்துரைப்பேன். அவற்றுள் தேறியதை ஸ்கேன் செய்து, வொண்டர்டிராஃப்டில் அடிப்படமாக வைத்து, அதன்மேல் சின்னங்களையும் பெயர்களையும் இட்டுக்கொள்ளலாம்.