ஒரு கிளிக் போட்டால் இரண்டு விழுகிறது

போன வாரம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய் 150 ரூபாய் கொடுத்து என் வயர்லெஸ் மவுஸை ரிப்பேர் பார்த்துக்கொண்டு வந்தேன். மவுஸின் விலையே அறுநூற்றுச் சொச்சம்தான். "இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பெனி பெயர் வேண்டாம். எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கண்ணில் முதலில் படுகிற ரகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர், ஒரே ஒரு டபுள் ஏ செல். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கோளாறு என்னவென்றால், இடது பட்டனை ஒரு தடவை அழுத்தினால் லேப்டாப்புக்கு இரண்டு தடவை போய்ச் சேரும். எப்போதும் அப்படி என்றால்கூடத் தூக்கிப் போட்டிருப்பேன். காலையில் ஒழுங்காக இருக்கும், மதியம் ஆரம்பிக்கும். பிரவுசரில் ஒரு டேபை மூடினால் பக்கத்து டேபும் சேர்ந்து போகும். சும்மா தேர்ந்தெடுக்கலாம் என்று ஃபைலைத் தொட்டால் அது திறந்து நிற்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எக்செல்லில் இது என்ன செய்யும் என்று கேளுங்கள். ஒரு கட்டத்தின் கீழ் விளிம்பில் கிளிக் இரண்டாக விழுந்தால் நேராகக் கடைசி வரிக்குப் போய் நிற்கும். அதையாவது மேலே ஏறி வந்து சரி செய்யலாம். கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதே, அதைப் பிடித்து நாலு வரி இழுக்கப் போனேன். இரண்டாவது கிளிக் தானாக விழுந்தது. பக்கத்துப் பத்தியில் எதுவரை கணக்கு இருந்ததோ அதுவரை ஃபார்முலா சரசரவென்று கீழே ஓடி, கையால் போட்டு வைத்திருந்த எண்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. திரை அசையவே இல்லை. கூட்டுத்தொகை இடித்த பிறகுதான் தெரிந்தது. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியைத் திறந்தால்தான் நிம்மதி. அங்கே மவுஸே வேண்டாம், எல்லாம் கீபோர்டிலேயே முடிந்துவிடும்.

விண்டோஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றினால் சரியாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆகாது. இரண்டு கிளிக்குக்கு நடுவே அரை நொடி வரை இருந்தாலும் அதை டபுள் கிளிக் என்றே எடுத்துக்கொள்ளும்படிதான் விண்டோஸ் வருகிறது. அதை எவ்வளவு குறைத்தாலும், இந்தப் பழுதில் இரண்டாவது கிளிக் அதைவிட வேகமாக வந்து விழுந்துவிடும். பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச், அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. அழுத்தும்போது தகடு போய் இன்னொரு முனையைத் தொடுகிறது. தரையில் போட்ட பந்து போல அது நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் துள்ளும். புது மவுஸிலும் துள்ளும். மவுஸுக்குள் இருக்கும் சிப் அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். தகடு தளர்ந்து, தொடும் இடம் கறுத்த பிறகு துள்ளல் நீண்டுபோகிறது, சிப் அதை இன்னொரு கிளிக் என்று நம்பிவிடுகிறது.

வாரண்டி இருந்தது. பில்தான் இல்லை. இருந்தது, ஆனால் அந்த வழுவழுப்பான காகிதத்தில் அடித்தது வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. மூன்று வருட வாரண்டிக்கு ஒரு வருடம்கூடத் தாங்காத அச்சில் பில் கொடுப்பவர்களை என்ன சொல்ல!

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் மவுஸைக் கையில் வாங்கியதும் திருகைத் தேடவில்லை. அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை பிளேடால் நெம்பினார். திருகுகள் அதற்கு அடியில்தான் ஒளிந்திருந்தன. திறந்து பார்த்துவிட்டு, "புது சுவிட்ச் வேணாம் சார். வலது பக்கத்தை நீங்க எவ்வளவு அமுக்கியிருக்கப் போறீங்க? அதை இடது பக்கம் போட்டுடலாம்" என்றார். இரண்டும் ஒரே சுவிட்ச். ஈயத்தை உருக்கி இரண்டையும் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தார். ஒரு டீ குடிக்கும் நேரம்தான். இப்போது இடது பட்டன் அன்று வாங்கியது மாதிரி டக்கென்று விழுகிறது. வலது பட்டன் சில சமயம் மெனுவைத் திறந்து உடனே இன்னொரு தடவை திறக்கிறது. போகட்டும். ஆனால் நெம்பி எடுத்த பட்டையின் ஒரு முனை சரியாக ஒட்டவில்லை. மவுஸை இடது பக்கம் நகர்த்தும்போது மட்டும் சொரசொரவென்று உரசுகிறது.

இவ்வளவு திட்டியாயிற்று, நல்லதையும் சொல்ல வேண்டும். செல் விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு செல் போட்டால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிறது. சுவர்க் கடிகாரத்துக்குக்கூட அதைவிட அடிக்கடி மாற்றுகிறேன். உள்ளங்கைக்குப் பாந்தமாக இருக்கிறது. லேப்டாப்பின் டச்பேடில் நாள் முழுக்க விரலைத் தேய்த்தால் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும் எனக்கு. அந்த வலி இதனால்தான் போனது. ஆபீஸ் மேஜையின் கண்ணாடிமேல் மட்டும் அம்பு நகராது, அது சாதாரண ஆப்டிகல் மவுஸுக்கெல்லாம் உள்ளதுதான். பழைய தினசரி காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறேன். சாமி படம் அடியில் இருப்பது கொஞ்சம் உறுத்தல்தான்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் ஓடும்போது அம்பு விக்கி விக்கி நகர்ந்தால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். அந்த டிஸ்கின் யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும்; இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கம் மாற்றிச் செருகுங்கள், இல்லையென்றால் சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

ரிப்பேருக்குப் போவதற்கு முன்பு நண்பன் ஒருவன் கேட்டான், "மச்சி, லேப்டாப்புக்கு வயர்லெஸ் மவுஸ் வாங்கலாமா?" வேண்டவே வேண்டாம், 300 ரூபாய்க்கு வயர் மவுஸ் வாங்கு என்று அடித்துச் சொன்னேன். அதற்குள்ளும் இதே மாதிரி சுவிட்ச்தான் இருக்கும், எனக்குத் தெரியாததா? ஆனால் அவன் கேட்டது 19ஆம் தேதி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த ஃபார்முலா ஓடிய ஷீட் அப்போதுதான் என் முன்னால் திறந்திருந்தது. 21ஆம் தேதி கேட்டிருந்தால் இதையே வாங்கச் சொல்லியிருப்பேன். அவன் வயர் மவுஸ் வாங்கிவிட்டான். வயர் காபி டம்ளரில் மாட்டுகிறது என்று இப்போது என்னைத் திட்டுகிறான்.