ஒரே பேரு, வேற வண்டி: நெல்லை லோடுக்கு டீசல் பிக்கப் பார்ப்பவர்களுக்கு

கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி பக்கம் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் பிக்கப் விசாரிக்கும்போது முதலில் கேட்பது இதுதான்: "அங்க டொயோட்டா ஹைலக்ஸ் சல்லிசா கெடைக்குல்லா, இங்க மட்டும் ஏன் அண்ணாச்சி முப்பது லட்சம் சொல்லுதாங்க?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கே ஓடுவதும் இங்கே விற்பதும் பெயரளவில்தான் ஒன்று.

இசுசு டி-மேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் ஸ்ரீசிட்டி ஆலையில் வரும் வண்டிகளிலேயே இரண்டு ரகம். லோடுக்கான எஸ்-கேபில் 2.5 லிட்டர் இஞ்சின், 78 குதிரைத்திறன், 176 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வி-க்ராஸில் 1.9 லிட்டர் இஞ்சின், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். ஆஸ்திரேலியாவில் அதே பெயருக்கு 3 லிட்டர் இஞ்சின், 140 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர். கிலோவாட்டை 1.36-ஆல் பெருக்கினால் நம் கணக்குக்கு வரும்: 190. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் 140-ஐயும் 163-ஐயும் ஒப்பிட்டு, நம்ம வண்டிதான் பலசாலி என்று வாதாடுபவர்கள் நிறைய.

விலைக்கு வருவோம். தாய்லாந்தில் 2023 நவம்பரில் ஹைலக்ஸ் சாம்ப் 4,59,000 பாத்துக்கு வந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 11 லட்ச ரூபாய். அதைப் பார்த்துத்தான் இங்கே பெருமூச்சு. அந்த விலை 2 லிட்டர் பெட்ரோல், ஒற்றை கேபின், பின்சக்கர இழுவை வண்டிக்கு. 2.4 லிட்டர் டீசலில் மேல் ரகம் 5,77,000 பாத். இந்தியாவில் 2022-இல் வந்த ஹைலக்ஸோ 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன், இரட்டை கேபின், நான்கு சக்கர இழுவை என்ற ஒரே அமைப்பு. ஷோரூம் விலை 33.99 லட்சத்தில் தொடங்கி, 2023-இல் 30.40 லட்சமாக இறங்கியது. அதே அமைப்பைத் தாய்லாந்தில் கேட்டால் அங்கேயும் பத்து லட்சம் பாத்துக்கு மேல்தான். ஆக, எளிய லோடு வண்டி ஹைலக்ஸ் என்ற பெயரில் நமக்கு வரவே இல்லை. வேறு பெயரில் வந்திருக்கிறது: அதே 2023-இல் மஹிந்திராவின் பொலேரோ மேக்ஸ் பிக்கப் 7.85 லட்சத்தில் தொடங்கியது. இப்படிப் பார்த்தால் நெல்லைக்காரருக்கு விலை குறைவுதான்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். அமீரகத்தில் வாட் 5 சதவீதம், சவுதியில் 15. இங்கே சரக்கு வாகனத்துக்கு ஜிஎஸ்டி 28-ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18. இங்கிலாந்தில் சரக்கு வாகன விலையைப் பெரும்பாலும் 20 சதவீத வாட் சேர்க்காமலே விளம்பரத்தில் போடுவார்கள். அமெரிக்கக் கதை தனி: இறக்குமதியாகும் இலகு ரக டிரக்குக்கு 1964 முதல் 25 சதவீத வரி. கோழிக்கறி வியாபாரத் தகராறில் போட்ட வரி, இன்னும் போகவில்லை. அங்கே டீசல் ஹைலக்ஸ் கிடைக்காததற்கு அது பெரிய காரணம்.

வாழைத்தார், தேங்காய், செங்கல் ஏற்றுபவர் குதிரைத்திறனைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு வரி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் லோடு. ஆஸ்திரேலியாவில் இரட்டை கேபின் டி-மேக்ஸ் ஏறக்குறைய 1 டன் சுமக்கச் சான்று பெற்றது. நம்மூர் வி-க்ராஸ், ஹைலக்ஸ் இரண்டும் காகிதத்தில் அரை டன்னுக்குள். அதற்குமேல் ஏற்றினால் சட்டப்படி அதிக பாரம்: அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

இன்னொரு எண் 3,000. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். பல சிறிய பிக்கப்கள் 2,990 கிலோவை ஒட்டி நிற்பது அதனால்தான். 1.7 டன் ஏற்றும் ரகம் இந்தக் கோட்டைத் தாண்டும். பாவூர்சத்திரம் காய்கறியைக் கேரளத்துக்கு ஏற்றுபவர் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். லைசென்ஸுக்குக் கவலையில்லை: 7,500 கிலோ வரை இலகு ரக லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு சரக்கு வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே வரும். வெளிநாட்டில் பிக்கப் ஓட்டிப் பழகியவருக்கு நாலுவழிச் சாலையில் எரிச்சலாக இருக்கும். ஆனால் 75 குதிரைத்திறனில் ஒன்றரை டன் ஏறுவது எப்படி என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வேகத்தை விட்டுக்கொடுத்து, இழுவைக்கான கியர் விகிதம் வைத்திருக்கிறார்கள். புளியரை எஸ் வளைவில் இரண்டாம் கியரில் நிதானமாக ஏறும். இடையில் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே நின்றால்தான் பிளேட் கருகும். இறங்கும்போதும் அதே கியர்.

கூடுதல் பட்டை போடும் பழக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. வாழைத்தாரை உயரமாக அடுக்குவதற்காகப் பின்கமானில், அதாவது பின் ஸ்பிரிங்கில், இரண்டு பட்டை சேர்ப்பார்கள். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பி, பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். லோடில் வண்டி தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது அதன் வேலை. பட்டை சேர்த்தால் வண்டி தாழாது. வால்வு காலி வண்டி என்று எடுத்துக்கொள்ளும். லோடோடு பிரேக்கை மிதித்தால் முன்சக்கரம்தான் அதிகம் பிடிக்கும். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அந்தக் கம்பியின் அளவைச் சரிசெய்ய வேண்டும், 1,000 கிலோமீட்டரில் கமானை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். அடிச்சட்டத்தில் கமான் தொங்கும் இடத்தில் விரிசல் வருகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்ப்பது நல்லது. தூத்துக்குடி உப்பு ஏற்றினால் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். பிரேக் குழாய் துருப்பிடிப்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது.

பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி வரும் வண்டிகளில் அதிகம் குமுறல் வருவது புகைக்கரி வடிகட்டியால். நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து ஜங்ஷன், அங்கிருந்து பாளை என்று நாள்முழுக்கக் குட்டி நடையாக ஓடும் வண்டியில் புகைக்குழாய் போதிய சூடேறாது. கரி எரியாமல் அடைக்கும். வாரம் ஒருமுறை கயத்தாறு வரையோ நாங்குநேரி வரையோ 60-க்குமேல் நிலையான வேகத்தில் 20, 30 நிமிடம் ஓட்டினால் போதும். கரி எரியும் நேரத்தில் அடிக்கடி இஞ்சினை அணைத்தால் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். அளவுக்கம்பியில் மேல்கோட்டைத் தாண்டினால் உடனே மாற்றுங்கள். மாற்றும்போது குறைந்த சாம்பல் ரக ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் தொட்டி உள்ள வண்டிக்கு இன்னொன்று: கேனை ஷெட்டில் தகரக் கூரைக்கடியில் வைக்கக்கூடாது. 30 டிகிரிக்குமேல் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். நம்மூர் சித்திரை வெயிலுக்கு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும்.

வடிகட்டியே இல்லாத வெளிநாட்டு ரகம் உறுதி என்று சொல்வார்கள். தென் ஆப்பிரிக்காவில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தகமுள்ள டீசலும் விற்கிறது. அந்த டீசலுக்கு இந்த வடிகட்டி தாங்காது. இங்கே 2020 ஏப்ரல் முதல் 10 பிபிஎம்தான், அதற்கேற்ற இஞ்சின்தான் பதிவாகும். ராதாபுரம், திசையன்விளை தேரிப் புழுதியில் ஓடுபவர் கவலைப்பட வேண்டியது ஏர் ஃபில்டருக்குத்தான். காற்றை உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் இறங்கி டர்போவைத் தின்னும்.

அங்கே ஓட்டிய வண்டியையே கப்பலில் கொண்டுவரலாமா? பழைய வண்டியென்றால் 3 வருடத்துக்குள் தயாரித்ததாக இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வளைகுடா வண்டியில் அது இடப்பக்கம்.

வெள்ளை போர்டில் இரட்டை கேபின் வாங்கி, சும்மா நிற்கிற நாளில் வாடகை லோடு அடிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள், அதற்குமுன் இன்சூரன்ஸ் தாளில் பயன்பாடு என்ற வரியைப் படித்துவிடுங்கள். சொந்த உபயோகம் என்று இருக்கும் வண்டி வாடகை லோடோடு புளியரையில் கவிழ்ந்தால், கம்பெனி பணம் தர மறுக்க அந்த ஒரு வரி போதும்.