கடற்காற்றில் மூன்று வருசம் நின்ற கோப்பி மேசை

செற்றிக்கு முன்னால் இருக்கிற கோப்பி மேசையை அலங்கரிக்கத் தொடங்கி மூன்று வருசம் முடிந்துவிட்டது. வீடு திருகோணமலை திருக்கடலூரில். கடற்கரைக்கு நடந்தே போகலாம். மேசையில் எது நிற்கும், எது நிற்காது என்று கடைசியில் உப்புக்காற்றே தீர்மானித்தது.

மேசை முதிரை மரம், தெரிந்த ஓடாவியார் செய்து தந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. பிழைத்ததெல்லாம் மேலே வைத்த சாமான்கள்தான். முதலில் வாங்கியது தங்க நிறம் பூசிய இரும்புத் தட்டு. முதல் மாரியிலேயே விளிம்பில் கறள் பூத்தது. தட்டைத் தூக்கினால் மரத்தில் வட்டமாகச் செம்மண் நிறத்தில் ஒரு கறை. அரத்தாள் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. கடலோர வீட்டில் இப்படியான இரும்பை மரத்தின் மேல் நேரே வைக்கவே வேண்டாம். வாசனை மெழுகுதிரியோ, கச்சான் அடிக்கிற ஆடி மாதத்துப் பின்னேர வெக்கையில் தானாகவே சாய்ந்துபோனது.

பித்தளை அப்படி இல்லை. அம்மம்மாவின் சின்னச் செம்பு இரண்டு கிழமையில் மங்கிவிடும், ஆனால் கறள் பிடிக்காது. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பழையபடி மின்னும். கழுவியவுடன் துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் புள்ளி விழும். காலையில் முற்றத்துச் செவ்வரத்தை ஒன்றை அதில் வைப்பேன். அது ஒரு நாள் பூ என்பதால் தண்ணீரும் தினமும் மாறுகிறது.

அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு போத்தலில் மணி பிளான்ட் வைத்திருந்தேன். ஒரு நாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வேர்களுக்கு நடுவே நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள், நெஞ்சு பதறிவிட்டது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் காணாது. முட்டைகள் போத்தலின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும்.

முருகைக்கல் வைத்தால் வடிவாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். முருகைக்கற்கள் நிறைந்த, நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. அதோடு, கடலுக்குள் இருக்க வேண்டியதை ஹோலில் வைக்க எனக்கு மனமும் வரவில்லை.

மூன்று வருசமும் தாக்குப்பிடித்தது பனையோலைத் தட்டு. மாரியில் பூஞ்சணம் பிடிக்கப் பார்க்கும். வெயில் எறிக்கிற நாளில் கொஞ்சம் காயவைத்தால் சரி. இப்போது அந்தக் கறையின் மேல் இருப்பது அதுதான். ரிமோட்டும் மூக்குக் கண்ணாடியும் அதற்குள்ளே.

மேசையின் மற்றப் பாதியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். ஒரு நாள் மாமி தேத்தண்ணித் தட்டோடு வந்து, "இதை எங்க பிள்ளை வைக்கிறது?" என்று நின்றுவிட்டார். இப்போது கேட்பதில்லை, நேரே வந்து செவ்வரத்தைக்குப் பக்கத்தில் வைக்கிறார்.