குட்டை பேரலா, நீள பேரலா: வார்த்த ஈயக் குண்டு எதில் அதிகம் ஒட்டும்?

துப்பாக்கிக் குழலான பேரல் நீண்டால், குண்டின் ஈயமும் அதன் உட்சுவரில் அதிகம் ஒட்டும் என்பது, அமெரிக்காவில் வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள் பலரின் நம்பிக்கை. அது பாதிதான் உண்மை என்பது என் கட்சி. ஒப்பிட்டுப் பார்க்க .357 மேக்னம் என்ற தோட்டா வகை வசதியானது. 4 அங்குல ரிவால்வரிலும் 18.5 அங்குல மார்லின் 1894 கார்பைனிலும் (குட்டை ரைபிள்) ஒரே தோட்டாவைப் போடலாம்.

ரிவால்வரில் சிக்கல் தொடங்குவது பேரலின் வாசலில். குண்டு சிலிண்டரை விட்டு ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டி பேரலுக்குள் நுழைகிறது. சிலிண்டரின் வாய் பேரலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளத்தைவிடக் குறுகலாக இருந்தால் குண்டு அங்கேயே இளைத்துவிடும். பிறகு சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்து எடுக்கும். படிவும் முதல் ஓரிரு அங்குலத்திலேயே அப்பிக்கொள்ளும். இந்தக் கோளாறு உள்ள துப்பாக்கியில் பேரல் 4 அங்குலமானாலும் 8 அங்குலமானாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கார்பைனில் அந்தத் தாவல் இல்லை. தோட்டா அறையும் பேரலும் ஒரே துண்டு. ஆனால் குண்டு நான்கு மடங்குக்கு மேல் தூரம் உரசிக்கொண்டு போக வேண்டும், மெதுவாக எரியும் வெடிமருந்தானால் வேகமும் நன்றாகக் கூடும். குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மசகாகப் பூசிய தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் அதுவரை தாங்க வேண்டும். பாதியில் தீர்ந்தால் படிவு பேரலின் முனைப்பக்கம்தான் தெரியும். முனையைச் சுற்றி மசகு நட்சத்திரம்போலப் படிந்திருந்தால் கவலை இல்லை, கடைசிவரை அது போதுமானதாக இருந்திருக்கிறது. பேரலின் நீளம் உண்மையாகவே குற்றவாளி ஆவது மசகு தீரும் இந்த இடத்தில் மட்டும்தான்.

ஆகவே ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாசலில் என்றால் பெரும்பாலும் அளவுப் பிழை, முனையில் என்றால் மசகுப் பிழை.

பலர் இதைப் பார்க்காமல் நேரே அச்செழுத்து வார்க்கும் கடினமான லினோடைப் ஈயத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரினெல் என்ற கடின அளவையில் 22 உள்ள அந்தக் குண்டு, மிதமான அழுத்தத்தில் விரிந்து பள்ளத்தை அடைக்காது. அளவு தவறினால் ஒட்டல் இன்னும் கூடும். கார் சக்கரச் சமநிலைக்குப் பொருத்தும் பழைய ஈய எடைகளின் 12 கடினமே ரிவால்வருக்குப் போதும்.

மிதமான தோட்டாவும் தட்டை அடிக் குண்டும் போதும் என்பவருக்கு, வாய் அளவு சரியான ரிவால்வரே தொல்லை குறைந்தது. முழு வேகம் வேண்டுமென்றால் நான் கார்பைனைத்தான் சொல்வேன், ஆனால் குண்டின் அடியில் செம்புக் கிண்ணியான கேஸ் செக் பொருத்தியாக வேண்டும். கார்பைனின் பள்ளம் ரிவால்வரைவிடச் சற்று அகலமாக இருப்பது வழக்கம். ரிவால்வருக்குப் பொருந்திய .358 அங்குலக் குண்டை அப்படியே போடாமல், மென்மையான ஈயத் துண்டு ஒன்றை பேரலுக்குள் தள்ளி எடுத்து அளந்து பாருங்கள்.

ஒட்டிய ஈயத்தைச் செம்பு உறையிட்ட ஜாக்கெட் குண்டு சுட்டு விரட்டலாம் என்பதை நம்ப வேண்டாம், அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. சுத்தமான செம்புக் கம்பிச் சுருளைத் தூரிகையில் சுற்றித் தேய்த்தாலே வந்துவிடும்.