ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீசிட்டி, சானந்த்: வெளிநாட்டு ஆலை எங்கே இறங்குகிறது, ஏன்?

ஃபோர்டு நிறுவனத்துக்கு இந்தியாவில் இரண்டு கார் ஆலைகள் இருந்தன. மூத்தது சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில். இளையது குஜராத்தின் சானந்தில், 100 கோடி டாலர் செலவில் 2015இல் திறக்கப்பட்டது. 2021 செப்டம்பரில், இனி இந்தியாவில் கார் தயாரிப்பதில்லை என்று ஃபோர்டு கைவிரித்தது. புத்தம் புது சானந்த் ஆலை 725.7 கோடி ரூபாய்க்கு டாடாவிடம் போய்ச் சேர்ந்தது. பழைய மறைமலை நகர் ஆலை விற்கப்படாமல் பூட்டிக் கிடந்தது. 2024 செப்டம்பரில் அந்தப் பூட்டைத் திறக்க விருப்பம் தெரிவித்து அதே நிறுவனம் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது.

சென்னை வென்றுவிட்டது என்று உடனே மார்தட்ட வேண்டாம். சானந்த் ஆலைக்கு வாங்க ஆள் கிடைத்ததே, அதே ஊரில் டாடாவின் சொந்த ஆலை இருந்ததால்தான். அந்த வளாகத்தின் இன்ஜின் பிரிவை ஃபோர்டு குத்தகைக்குத் திரும்ப எடுத்து நடத்தவும் செய்தது. ஆனாலும் இரண்டு ஊர்களும் நிறுவனங்களை எதைக் காட்டி அழைக்கின்றன என்று ஒப்பிட ஃபோர்டின் கதை நல்ல தொடக்கம். கூடவே, சென்னையின் நிழலில் ஆந்திர எல்லைக்குள் வளர்ந்த தொழில் நகரமான ஸ்ரீசிட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சானந்தின் பலம் வேகமும் பணமும். 2008 அக்டோபரில் மேற்கு வங்கத்தின் சிங்கூரை விட்டு வெளியேறிய டாடாவின் நானோ கார் திட்டத்தை 'சுஸ்வாகதம்' என்ற ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியால் குஜராத் அழைத்தது. நிலம் தயாராக இருந்தது என்பதுதான் அந்தச் செய்தியின் உண்மையான பொருள். 2023இல் மைக்ரான் நிறுவனத்தின் சிப் பொதியும் ஆலை வந்தது. மொத்தத் திட்டம் 275 கோடி டாலர். அதில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தருகின்றன. வீடு கட்டும் செலவில் பத்துக்கு ஏழு ரூபாயை மாமனார் தருகிறார் என்றால், எந்த மாப்பிள்ளை மனையின் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பான்? சிப்புக்கு எடை குறைவு, மதிப்பு அதிகம், விமானத்தில் போய்விடும். துறைமுகம் தொலைவில் இருப்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. கார் அப்படிப்பட்ட சரக்கு இல்லை. சானந்திலிருந்து பிப்பாவாவ் துறைமுகமோ முந்த்ரா துறைமுகமோ சுமார் 300 கிலோமீட்டர். அங்கே கப்பலேற வேண்டிய ஒவ்வொரு காரின் தலையிலும் அந்தத் தூரத்தின் செலவு ஏறுகிறது.

ஸ்ரீபெரும்புதூரின் கதை வேறு. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது சலுகைகள் இல்லாமல் இல்லை. ஆனால் 1950களிலிருந்தே எண்ணூரில் அசோக் லேலண்டு இருந்தது. அம்பத்தூரில் நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள், பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் ஆலைகள். சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990களின் தொடக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்துகொடுத்த நிறுவனம். வெளிநாட்டுக்காரரின் தரப் பரிசோதனைக்குப் பழகிய கைகள் ஓர் ஊரில் இப்படிச் சேர்வதற்கு அரை நூற்றாண்டு பிடிக்கும். எந்த அரசாணையாலும் அதை ஆறு மாதத்தில் தர முடியாது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் அருகருகே இருப்பது அதற்கு மேல் கிடைத்த வரம்.

இந்தப் பகுதி அடி வாங்காமலும் இல்லை. வரித் தகராறுகளில் சிக்கியிருந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலையிழந்தார்கள். மறு ஆண்டு டிசம்பர் வெள்ளம் கார் ஆலைகளைப் பல நாள் நிறுத்தியது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவற்றையெல்லாம் அடுக்கி, முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோக்கியாவின் அதே கட்டடத்துக்குப் பின்னர் சார்ஜர் செய்யும் சால்காம்ப் குடிவந்தது. பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் பாகங்களை ஒன்றாகப் பொருத்தத் தொடங்கியது. முதலாளி போனாலும் கட்டடமும் கைப்பழக்கமும் இங்கேயே இருந்தன.

இந்தியாவில் ஆலை வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மின்னணு நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய ஈர்ப்பு இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்குத் தங்க இடமும் கெடாத சோறும் வேண்டும். விடுதிச் சாப்பாட்டால் தொழிலாளர்கள் நோயுற்று, 2021 டிசம்பரில் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அது எல்லோருக்கும் உறைத்தது. 2024இல் வல்லம் வடகாலில் தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 706 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது. வரிச்சலுகையைவிட உருப்படியான முதலீட்டு ஊக்கம் இதுதான் என்பேன்.

ஸ்ரீசிட்டியை நான் ஆந்திர ஊராகவே நினைப்பதில்லை. தடாவுக்கு அருகே, எல்லையைத் தாண்டியதும் வந்துவிடுகிறது. இசுசு 2016இல் இங்கே ஆலை திறந்தது. அதன் இந்தியத் தலைமை அலுவலகமோ சென்னையில். சென்னை மெட்ரோ முதல் கட்ட ரயில்களில் பெரும்பாலானவை இங்குள்ள அல்ஸ்டாம் ஆலையில் செய்யப்பட்டவை. சென்னையின் துறைமுகம், விமான நிலையம், பொறியாளர்கள் எல்லாம் கிடைக்கும். நிலமும் சலுகையும் ஆந்திரத்துடையவை. முன்பு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. எல்லை தாண்டி உதிரிபாகம் வாங்கினால், திரும்பப் பெற முடியாத 2 சதவீத மத்திய விற்பனை வரி விழும். வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரி காத்திருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வேலி விழுந்தது. (சென்னைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி என்றால் முதலில் தாம்பரம் வழியாகப் போகும் சாலைதான் நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம்.) இன்று மாநில எல்லை அமைச்சர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது, அம்பத்தூரிலிருந்து சரக்கு ஏற்றும் லாரிக்காரருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு உண்மையான போட்டி இதனால்தான் சானந்த் அல்ல, ஸ்ரீசிட்டி.

என் வாதத்துக்கு இடிக்கும் ஓர் உதாரணமும் உண்டு. ஹூண்டாயின் உடன்பிறப்பான கியா, அண்ணனின் பக்கத்து மனையை விட்டுவிட்டு ஆந்திரத்தின் அன்றைய அனந்தபூர் மாவட்டத்துப் பெனுகொண்டாவுக்குப் போனது. 2017இல் ஒப்பந்தம் போட்டது; 2019 ஆகஸ்டிலேயே விற்பனைக் கார் வெளியே வந்தது. பொட்டல் காடு, துறைமுகமும் தொலைவில். எப்படி முடிந்தது? உதிரிபாகம் தரும் கொரிய நிறுவனங்களைக் கையோடு அழைத்து வந்தது. சுற்றத்தோடு குடிபெயரும் வசதி உள்ளவனுக்கு அக்கம்பக்கம் தேவையில்லை. அந்த வசதி எத்தனை நிறுவனங்களுக்கு இருக்கிறது?

மறைமலை நகர் விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் ஃபோர்டு தன் திட்டத்தைத் தெளிவாகச் சொன்னது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. ஆனால் அங்கே வரப்போவது கார் அல்ல, ஏற்றுமதிக்கான இன்ஜின்.