தொண்டியில் பழைய வத்தைக்கு மராமத்து

சித்தப்பாவின் பாய்மர வத்தை, அதாவது பலகை வைத்துக் கட்டிய மரப்படகு, இரண்டு மழைக்காலமாகக் கரையிலேயே கிடந்தது. இந்த முறை சிங்கப்பூரிலிருந்து லீவில் போனதே அதைச் சரிபார்க்கத்தான்.

முதலில் ஒரு ஃபைபர் பட்டறையைக் கேட்டோம். பலகையைத் தட்டிக்கூடப் பார்க்காமல், "மேலயே ஃபைபர் ஒட்டிரலாம், ரெண்டு நாள்ல தண்ணியில இறக்கலாம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஈரப் பலகையில் ரெசின் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், உள்ளே மாட்டிய ஈரம் மரத்தை உளுக்க வைத்துவிடும்.

அப்புறம் நம்புதாளைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாரியைச் சித்தப்பா கூட்டிவந்தார். பெரியவர் சின்னச் சுத்தியலால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் தொடங்கிக் கடைசிவரை தட்டிக்கொண்டே போனார். நல்ல பலகை 'டங்' என்றது. ஊறிய இடம் 'பொத்' என்றது. அங்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, கத்தி முனையால் குத்திப் பார்த்தார். பின்பக்க மேல்பலகையில் கத்தி சுலபமாக இறங்கியது. கடலில் முங்கும் அடிப்பலகையோ கல்லாக நின்றது.

"கடத்தண்ணியில பலகை சீக்கிரம் மக்காது தம்பி. தேங்குன மழைத்தண்ணிதான் மக்க வைக்கும்" என்றார். உண்மைதான். உப்பு ஊறிய மரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. மழைநீர் தேங்கி, மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் மக்கத் தொடங்கும். கடலில் துளைக்கும் புழு தனித் தொல்லை. நல்லவேளை, அது எங்கள் வத்தையில் இல்லை.

காயவைப்பதற்குத்தான் நாள் பிடித்தது. நேர் வெயிலில் பலகை வெடிக்கும் என்று கீற்றுப் பந்தல் போடச் சொன்னார். காய்ந்த பிறகு மக்கிய பலகைகளையும் துருவேறிய ஆணிகளையும் மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் தட்டி இறக்கி, குங்கிலியம் என்ற மரப்பிசின் காய்ச்சிய எண்ணெயைப் பூசினார். இவ்வளவு பொறுமையான கைவேலையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இதேபோல மராமத்துக்கு வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்க நிற்கும், ஆசாரிகள் கிடைப்பது கஷ்டம். வருவதற்கு முன்பே ஊரில் யாரிடமாவது சொல்லி, படகைப் பந்தலுக்குக் கீழே ஏற்றிவையுங்கள். கூலி நாள் கணக்கு, மரம் தனிக் கணக்கு. இறக்கிய அன்று கொஞ்சம் கசியும். இறைத்துவிட்டுப் பொறுத்திருந்தால் போதும், பலகை ஊறி உப்பியதும் கசிவு நின்றுவிடும்.