விரல் வைத்தால் ஈசிஜி: கார்டியாமொபைல் எதற்கு உதவும்?

திடீரென்று நெஞ்சு படபடக்கும்; ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுப்பதற்குள் அடங்கிவிடும். இப்படி வந்து வந்து போகிற படபடப்பைக் கையோடு பிடிப்பதில் போன் செயலியோடு இயங்கும் கையடக்க ஈசிஜி கருவியான, அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியாமொபைல் உண்மையிலேயே கெட்டி. இதன் முதல் வடிவத்துக்கு 2012-லேயே அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்துவிட்டது.

சின்னத் தகடு, மேலே இரண்டு எலக்ட்ரோடு (உடலின் மின்துடிப்பை வாங்கும் உலோகப் பட்டை), உள்ளே ஒரு சிஆர்2016 பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். இடதுகை விரல்கள் இடப்பக்கத்திலும் வலதுகை விரல்கள் வலப்பக்கத்திலும் 30 விநாடி அசையாமல் இருக்க வேண்டும். பக்கம் மாறினால் வரைபடம் தலைகீழாக வரும்.

இந்த ஒற்றை லீட் மாடலில் (லீட் என்பது இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஒரு கோணம்) புளூடூத் கிடையாது. காதுக்கு எட்டாத கீச்சொலியாகத்தான் இதயத்துடிப்பு போனின் மைக்குக்குப் போகிறது. அதனால் செயலிக்கு மைக் அனுமதி தராவிட்டாலோ, மைக் துளையைக் கவர் மறைத்தாலோ பதிவு தொடங்காது. தகடு போனிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும், டிவியை அணைத்துவிடுங்கள்.

கோடு நடுங்கினால் முதலில் விரலைப் பாருங்கள். காய்ந்த தோலில் மின்தொடர்பு சரியாகக் கிடைக்காது. லேசாக ஈரப்படுத்தினால் போதும். விரலை அழுத்தினால் தசை இறுகி அதன் மின்னோட்டமும் கலந்துவிடும். முழங்கை வரை மேசையில் சாய்த்து, விரலைச் சும்மா வைத்தால் தெளிவாக விழும். சார்ஜரில் இருக்கும் போனைக் கழற்றிவிடுங்கள். செயலியின் செட்டிங்ஸில், வீட்டு மின்சார இரைச்சலை நீக்கும் மின்வடிகட்டி நம் ஊருக்கு 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 60-ல் கிடந்தால் கோட்டில் மயிரிழை போல நுண்ணிய நடுக்கம் ஏறும்.

‘வகைப்படுத்த முடியவில்லை’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். உட்கார்ந்து இன்னொரு முறை எடுங்கள். செயலி சொல்லும் ஒற்றை வரியைவிட, டாக்டருக்கு அனுப்பும் பிடிஎஃப் வரைபடம்தான் முக்கியம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிப்பது) இருக்கலாம் என்று செயலி காட்டினாலும், உறுதிசெய்ய வேண்டியவர் அவரே. விரிவான அறிக்கைகளுக்குச் சந்தா கேட்கலாம், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் இன்னொரு வடிவமான கார்டியாமொபைல் 6எல் மாடல் புளூடூத்தில் இயங்கும். அதன் அடிப்பக்க எலக்ட்ரோடை இடது முழங்கால் அல்லது கணுக்காலின் வெறுந்தோலில் வைத்தால் ஆறு லீட் கிடைக்கும். ஆனால் அதிலும் மார்பு லீட்கள் இல்லை. மாரடைப்பை இரண்டுமே கண்டுபிடிக்காது. நிறுவனமே அதைச் சொல்கிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் தகட்டைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். அப்போது திரையில் ‘நார்மல்’ என்று வந்தாலும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.